இரண்டாவது டப்பா

மாப்பிள்ளை குழம்புத் தட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பான். கண்ணை மூடிக்கொண்டு, "வேலைக்கும் ரெண்டு டப்பா கட்டிடு" என்பான். என் தங்கச்சி முகத்தை அப்போது பார்க்க வேண்டும். தாலி கட்டினவன் மத்தியானமும் தன் கைச்சமையலைத்தான் தேடுகிறான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லியாயிற்று.

மாப்பிள்ளைக்குத் தொழில் கரப்பான் ஒழிப்பது. மருந்தடிக்கிற ஆள் இல்லை, தீனி வைத்துக் கொல்கிற ஆள். என் வண்டியில்தான் போவோம். எந்தக் கடைக்குப் போனாலும் குப்புறப் படுத்து அடுப்புக்கு அடியில் டார்ச் அடித்து, பூச்சியின் மீசையைப் பார்ப்பான். படித்தவர்கள் அதை உணர்கொம்பு என்கிறார்கள். உனக்கு மீசை சரியாக முளைக்காத ஏக்கமா என்று நான் கேட்டதுண்டு.

"லேசா சொல்லாதீங்க மச்சான். அதுல ஒவ்வொரு முடியும் ஒரு மூக்கு."

வெங்காயத்தைத் தனியாக வைத்தால் மீசை சும்மா ஆடும். எண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் அதே அலட்சியம்தான். எல்லாம் சேர்ந்து வெந்த வாசனை வந்தால் மட்டும் இரண்டு மீசையும் ஒரே பக்கம் நீண்டு நிற்கும். "தனித்தனியா மோந்தா அது சாமான், சேத்து மோந்தாதான் சாப்பாடு" என்பான். வீட்டில் சாப்பிடும்போதும் இதையே சொல்லித் தொலைப்பான்.

கடைக் குழம்பு பலதும் வைத்துப் பார்த்தான். மீசை நன்றாக நீண்டது என் தங்கச்சி குழம்புக்குத்தான். அதில் மருந்தைப் பிசைந்து உருட்டி வைத்தால் சந்து பொந்தில் இருப்பதெல்லாம் விருந்துக்கு வருவதுபோல் வந்து செத்தன.

இரண்டாவது டப்பா போகிற இடம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். "அவளுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். நான் நல்லாருக்குன்னு சொல்றத அப்புறம் எப்படி நம்புவா?" என்று கெஞ்சுவான். உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் குழம்புக்கு அவன் அடிமை.

கெடுத்தது பேக்கரிக்கார அம்மா. பெருமை தாங்காமல் இவன் அங்கே உளறியிருக்கிறான். அவர் ரொட்டியோடு வீட்டுக்கே வந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் குழம்புதாம்மா என் கடையைக் காப்பாத்துச்சு. ஒரு கரப்பான் மிச்சமில்ல."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தான். நான் என் செருப்பைத் தேடினேன்.

மறுநாள் காலை தங்கச்சி டப்பாக்களை அவனிடம் தரவில்லை, என்னிடம் நீட்டினாள். "அண்ணே, பெரிசு கரப்பானுக்கு. ருசி தெரிஞ்சதுங்க, புதுசா வெச்சிருக்கேன். சின்னது உங்க மாப்பிள்ளைக்கு."

வண்டியில் ஏறியதும் அவன் சின்னதைத் திறந்தான். ஒரு முழு வெங்காயம். ஒரு மிளகாய். காகிதத்தில் மடித்த உப்பு. சுடாத கருவாடு ஒன்று. ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்து வைத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் சாவியைத் திருகப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பெரிய டப்பாவைத் திறந்தான். ஜன்னலில் தங்கச்சி நிற்பது தெரிந்தது. காலை வெயில் முகத்தில் அடிக்க, பூச்சிக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றான். பிறகு கையை வெளியே நீட்டி, காலி டப்பாவை ஜன்னல் பக்கமாகக் கவிழ்த்துக் காட்டினான்.