அக்கா மனத்தில் சுமந்த வீடு

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னபோது, "பொறுமைசாலி, உழைப்பாளின்னு எழுது" என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றோடு நிறுத்தினால் அக்கா எதனால் அவ்வளவு களைத்துப்போனார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அக்கா பிறந்தது குளச்சலில். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அம்மாவுக்கு இளைப்பு நோய். அக்காவுக்குப் பின் அண்ணன், கடைசியாக நான். அம்மா மூச்சு முட்டிப் படுத்துவிட்டால் வீடு அக்காவின் பொறுப்பு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே வானம் இருட்டியது. மொட்டை மாடியில் காயப் போட்டிருந்த நெத்திலி அவர் நினைவுக்கு வந்தது. அதன்பின் ஒரு கணக்கும் ஓடவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு மழைக்கு முன்பாக ஓடிவந்தார். நெத்திலி நனையவில்லை. அக்கா கணக்கில் தேறவில்லை. திரும்ப எழுத வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு எல்லாவற்றையும் நினைவூட்டுகிற அக்கா இதை மட்டும் யாருக்கும் நினைவூட்டவில்லை.

மண்டைக்காட்டுக்கு அடுத்த கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் வளைகுடாவில் வேலை பார்த்தார். மாமியார், ஒரு மகன், ஒரு மகள், வந்து போகும் நாத்தனார்மார் என்று நிறைந்த வீடு. பைப்பில் எப்போது தண்ணீர் வரும், மாமியாருக்கு எந்த மாத்திரை தீர்ந்துபோகும், எந்த நாத்தனாரை எதற்கு அழைக்காவிட்டால் மனத்தாங்கல் வரும், மகனுக்கு எந்த மீன் சேராது, இதெல்லாம் அக்காவின் தலைக்குள்தான் இருந்தன. நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். சட்டென்று கண் மட்டும் வேறெங்கோ போய்விடும்.

அத்தான் வேலையை விட்டு ஊரோடு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் நல்ல மனிதர். "என்ன செய்யணும்னு சொல்லு, நான் செய்துதாறேன்" என்று அக்காவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்தும் கொடுத்தார். பிறகும் என்ன குறை என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"செய்யதுக்கு ஆளு உண்டுட்டி" என்றார் அக்கா. "எப்பம் எது வேணும்னு நினைக்கதுக்குத்தான் ஆளு இல்ல. அவியகிட்ட சொல்லணும்னா அதையும் நான்தானே நினைக்கணும்? ஒறக்கத்துலயும் நினைச்சிட்டே கிடக்கேன்."

அக்காவை நாகர்கோவிலில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நாலு நாள் நன்றாக உறங்கட்டும் என்று நினைத்தேன். அத்தான் வீட்டிலிருந்து போன் ஓயவில்லை. அம்மைக்க மருந்து மஞ்சள் டப்பாவா, வெள்ளை டப்பாவா? மோட்டார் எப்பம் போடணும்? கறிக்காரி வந்திருக்கா, என்ன மீன் வாங்கணும்? கேட்டவர்கள் யாரும் கோபமாகக் கேட்கவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். மறுநாளே அக்கா பையை எடுத்துக்கொண்டார். "அங்க இருந்தா ஒரு பாடுதான். இஞ்ச இருந்து சொல்லிக்கொடுக்கது ரெண்டு பாடு மக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மகனின் திருமண வேலைகள் நடந்தபோது வலது கை மரத்துப்போவதாக என்னிடம் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "கல்யாணம் கழியட்டு" என்றார். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் கழிந்தது. வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். அடுத்த வாரம், காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பேச்சு இல்லை. வலது பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிருந்தது. இடது கையின் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வந்தது. எதையோ சொல்லத் தவிக்கிறார் என்று தெரிந்தது. "கேஸ் அடைச்சாச்சும்மா" என்றாள் மகள். "அம்மைக்கு மருந்து குடுத்தாச்சு" என்றார் அத்தான். "கல்யாணப் பாத்திரம் எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு அக்கா" என்றேன் நான். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையசைத்தார். பங்குத்தந்தை வந்து நெற்றியில் எண்ணெய் தடவி நோயில் பூசுதல் கொடுத்தபோது கை சற்று அடங்கியது. பிறகு மறுபடியும் விரல்களைத் தொட ஆரம்பித்தார். கடைசி மூச்சு வரையிலும் அந்தக் கை ஓயவில்லை. எதைச் செய்ய மறந்தோம், யாருக்கு எதைக் கொடுக்காமல் விட்டோம் என்று பிறகு வீடெல்லாம் தேடினோம். அக்கா என்ன கேட்டார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த சில நாள்களில் அத்தான் மகளைக் கூப்பிட்டார். "மக்களே, பாட்டிக்க காலை மருந்து எது?" அவள் செவிலியர் படிப்பு முடித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர உத்தரவு வாங்கி வைத்திருந்தவள். வீட்டில் இருந்துவிடு என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அது போதுமாயிருந்தது. அடுத்த கேள்வியும் அவளிடமே வந்தது. சேர வேண்டிய நாள் போய்விட்டது.

இந்த மலருக்காகப் படங்கள் எடுக்க அங்கே போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்த அக்கா மகள் பாதியில் நின்றுவிட்டாள். கண் எங்கோ போனது.

"என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சித்தி. அரிசி ஊறப் போட்டனா இல்லியான்னு."

"நீ வேலைக்குப் போ மக்கா. வேற ஊருலயாவது தேடு. இஞ்ச எப்பிடியாவது நடக்கும்."

"எப்பிடி நடக்கும், சித்தி?" என்று திருப்பிக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் எழுந்து அரிசியைப் பார்க்கப் போனாள்.

அக்காவின் இறுதி நாள்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும் பங்கின் அன்பியக் குழுவினருக்கும், கஞ்சி கொண்டுவந்து தந்த அண்டை வீட்டுச் சகோதரிகளுக்கும், கடலுக்குப் போகாமல் நின்று பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிய ஊரவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை நான் அக்கா வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருக்க, அக்காவின் மகள் அடுக்களையிலிருந்து கேட்கிறாள்: "சித்தி, எல்லாருக்கும் நன்றி போட்டாச்சா? யாரையும் விட்டுராதீங்கோ. பொறவு அவியளுக்கு மனசுக்கு வெசனமாயிரும்."