ஆர்ச்வேக்குக் கொண்டுபோன ஜேர்சி

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். மெல்பேர்ணிலிருந்து இருபத்து மூன்று மணித்தியாலப் பயணம். என் பெட்டி இருபத்தைந்து கிலோ. அதில் இருபத்து நாலு கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் அக்காவுக்கு. மிச்சம் ஒரு கிலோ, ஜாக்கின் ஜேர்சி.

ஜாக் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பாவின் மகன் சிவம் அண்ணை லண்டனுக்குப் படிக்க வந்த இடத்தில் மார்கரெட் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கட்டினார். மார்கரெட்டின் தகப்பன்தான் ஜாக். வயது தொண்ணூற்றிரண்டு. மெல்பேர்ணில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அண்ணை காலமாகிவிட்டார். லண்டன் ஆர்ச்வேயில் தனியே இருக்கும் மார்கரெட் அண்ணிக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏற டொக்டர் விடவில்லை. ஜாக்குக்கு நெஞ்சு சரியில்லை. தகப்பனும் மகளும் இனி நேரில் காணப்போவதில்லை. அது இருவருக்கும் தெரியும். அண்ணி கேட்டது ஒன்றுதான்: அப்பா கடைசி ஆட்டத்தில் போட்டிருந்த கம்பளி ஜேர்சி, அன்றைய சேற்றோடு.

அந்த ஆட்டம் மழையில் நடந்து, தோல்வியில் முடிந்ததும் ஜாக் வேலியோரம் நின்ற மூன்று வயது மகளைத் தூக்கி நெஞ்சில் வைத்தாராம். அவளுடைய சப்பாத்துத் தடம் இரண்டும் ஜேர்சியில் பதிந்தன. அதற்குப் பிறகு அதில் தண்ணீர் படவில்லை. இதையெல்லாம் ஜாக் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பொதியைத் தந்தார். நானும் அக்காவிடம் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் வெள்ளி இரவு மேசையில் நண்டுக்கறி இருந்தது. இரண்டு வேலையை ஒரே வாயால் செய்ய எனக்கு ஏலாது.

சனிக்கிழமை காலை எட்டரை. மாடியால் இறங்கி வந்தால் குசினியில் உடுப்புக் கழுவும் மெசின் சுற்றுகிறது.

"தம்பி, அந்த ஊத்தைச் சட்டையைப் போட்டிருக்கிறன். அறுபது டிகிரியில விட்டனான். அப்பதான் சேறு போகும்."

"அதை ஏன் அக்கா தொட்டனீங்கள்?"

"பின்னை? ஒரு வீட்டுக்குப் போகேக்க ஊத்தை உடுப்போடயே போறது? சிவத்தின்ர மனிசி என்னைப் பற்றி என்ன நினைப்பா?"

"அது கழுவக் கூடாத சட்டை."

"அப்பிடி ஒரு சட்டை உலகத்தில இருக்கோ? நீ எப்பவாவது ஒண்டைக் கழுவியிருந்தாத் தெரியும்."

இதை என் மனைவியைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லுவாள். வெளியே வந்த ஜேர்சி ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருந்தது. அக்கா அதை டிரையரில் காயவைத்து, அயர்ன் பண்ணி, சேலைக்கடைப் பையில் வைத்துத் தந்தாள்.

பத்து மணிக்குப் பிளேஸ்டோவில் ரயில் ஏறினேன். டிக்கெட் மூன்று பவுணும் சில்லறையும். மூர்கேட்டில் மாறி, நோர்தன் லைனில் ஆர்ச்வே. மடியில் பை. சோப்புத்தூளின் லாவண்டர் மணம் ரயில்பெட்டி முழுக்க.

மெல்பேர்ணில் முப்பது வருடம் இருந்தும் அந்த ஊர் ஃபுட்போல் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து, நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்குள் அடித்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறி ஓரத்தால் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறவிட்டவனுக்கும் ஏதோ கொடுக்கிற விளையாட்டு என்பதால் எனக்கு அதில் ஒரு மரியாதை. ஜாக் கடைசிக் காவல். கம்பத்துக்கு முன்னால் நின்று மறிக்கிற வேலை. பத்து வருட ஆட்டத்தில் அவர் போட்ட கோல் ஒன்று. அதையும் காற்றுத்தான் போட்டது என்பார். அந்தக் காலத்தில் விளையாட்டை நம்பி அடுப்பு எரியாது. ஜாக்குக்கு டிராமில் கண்டக்டர் வேலை. சனிக்கிழமை தோற்றால் திங்கட்கிழமை பயணிகள் விடமாட்டார்கள்: "பந்தைத்தான் விட்டாய், டிக்கெட்டையாவது பிடிப்பாயா?" முழங்கால் போனதும் ஆட்டம் நின்றது. ஓய்வு பெறும்வரை டிராம். அவர் விளையாடிய மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறும்போது முருகன் கோயிலுக்குள் நுழைந்து, அந்தச் சேற்றைத் திருப்பித் தரும்படி வேண்டிக்கொண்டேன். குன்றில் இருக்கிறவருக்குச் சேறு சம்பந்தமில்லாத இலாகா போலும்.

பதினொன்றே காலுக்கு அண்ணி கதவைத் திறந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"வாங்கோ தம்பி. களைச்சுப்போனியள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

நாற்பது வருட யாழ்ப்பாணத் தமிழ். இழுவை மட்டும் இன்னும் மெல்பேர்ண். தேநீரை வைத்துவிட்டுப் பையைப் பிரித்தார். விரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"அக்காவோ?"

"ஓம் அண்ணி."

"அறுபதிலயோ?"

"அறுபதில."

ஜேர்சியை மடியில் வைத்துத் தடவினார்.

"சிவம் செத்த அண்டைக்கும் அவதான் முதல் வந்தவ. வந்த உடனே அவரின்ர தலையணை உறையைக் கழட்டிக் கழுவிப் போட்டிட்டா. செத்த வீட்டில அப்பிடித்தானே செய்யிறது. நான் ஒண்டும் சொல்லேல்ல. நல்ல மனிசி."

பதினொன்றரைக்கு ரெலிபோன் அடித்தது. மெல்பேர்ணில் இரவு எட்டரை. திரையில் ஜாக்கின் நெற்றியும் ஒரு காதும். தகப்பனும் மகளும் ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"வந்ததா?"

"வந்தது, அப்பா."

"சேறு இருக்கிறதா?"

அண்ணி திரையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்படியே இருக்கிறது. மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு."

ஜாக் சிரித்தார், இருமினார். "உன் சப்பாத்துத் தடம்?"

மடியில் கிடந்த சுத்தமான கம்பளியை அண்ணி குனிந்து பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். "இடது பக்கம் கொஞ்சம் மங்கல். மற்றது நல்லாத் தெரியுது."

பிறகு ஜாக் அந்தக் கடைசி ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். மழை எப்போது பிடித்தது, யார் வழுக்கினான், வேலியோரம் அவள் எந்தக் கோட்டோடு நின்றாள். அண்ணி இன்றைக்குத்தான் முதல்முறை கேட்பவர்போல இடையிடையே கேள்வி கேட்டார். கோட்டின் நிறத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டார். சிவப்பு. நான் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தேன்.

புறப்படும்போது வாசல்வரை வந்தார்.

"தம்பி, அவர் உங்களிட்டையும் கேப்பார்."

"என்ன சொல்ல அண்ணி?"

"இடது பக்கம் மங்கல் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு பேரும் ஒண்டைச் சொல்லவேணும்."

"அக்காவுக்கு?"

"அவவுக்கு, சட்டை நல்ல வெள்ளையா வந்திருக்கெண்டு சொல்லுங்கோ."

மேட்டால் இறங்கினேன். அண்ணிக்கு ஜாக்கின் வீடு பதினேழாயிரம் கிலோமீற்றர். எனக்குப் பத்து நிமிட நடை. அடுத்த கிழமை மெல்பேர்ண் திரும்பியதும் அந்தப் பத்து நிமிடத்தை நடந்துபோய், அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் என் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம் என்று பெயரெடுத்தது. ஆகவே ரயிலில் பயிற்சி எடுத்தேன். இடது பக்கம் கொஞ்சம் மங்கல். மற்றது நல்லாத் தெரியுது. எதிரே இருந்த பெண்மணி இடம் மாறி உட்கார்ந்தார். மூன்றாம் நாலாம் தடவையில் எனக்கே அந்தத் தடம் தெரியத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது பிளேஸ்டோ போய்விட்டிருந்தது. அடுத்த ஸ்டேசன் அப்டன் பார்க்கில் இறங்கித் திரும்பி நடந்தேன்.