அயர்லாந்துக் கிழவியின் செத்தவீடு

நேற்று மருதனார்மடம் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன். அடையாள அட்டைக்குப் பிரதி வேண்டியிருந்தது. இந்த நாட்டில் ஒரு மனிதன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவன் வந்து முன்னால் நிற்பது போதாது, தாள் வேண்டும். மெசினிலிருந்து தாள் சுடச்சுடக் கையில் விழுந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. சூடேறிய தாளும் மையும் கலந்த மணம். எனக்கு உடனே அயர்லாந்து ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். நான் கொழும்பைத் தாண்டி எங்கும் போனவனல்ல. எனக்குத் தெரிந்த அயர்லாந்து போட்டோக்கொப்பித் தாளில் வந்ததுதான்.

அதைக் கொண்டுவந்தவர் வசந்தி அக்கா. இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. ஒரு அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஆங்கிலத்தில் ஓரளவு விளங்குகிற சுற்றுநிருபங்களைத் தமிழில் ஒருவருக்கும் விளங்காமல் ஆக்குவதுதான் தன் உத்தியோகம் என்று அவரே சொல்லுவார். கலியாணம் செய்யவில்லை. சகோதரங்கள் இரண்டும் கனடாவில். வீட்டில் படுக்கையில் கிடந்த தாயும் அவரும்தான்.

அப்போது நான் புதிதாகக் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். தகரக் கூரை போட்ட டியூசன் கொட்டில். பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் வகுப்பு இல்லை என்பதால் அங்கே ஒரு வாசகர் வட்டம் கூடும். வட்டம் என்று பெயர்தானே தவிர, ஒரு நீள வாங்கில் நெருக்கி இருக்குமளவு ஆள் வந்தால் அது பெரிய கூட்டம். நான் அதில் சேர்ந்தது இலக்கியத் தாகத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டிலின் திறப்பு என்னிடம் இருந்தது. பூட்டுவதற்காகக் காத்திருந்து காத்திருந்து வாசகனானேன்.

வசந்தி அக்கா தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரதி எடுத்து வருவார். அயர்லாந்தில் ஒரு சின்னப் பட்டினம். எப்பவும் மழை. ஒரு கிழவி செத்துப்போகிறாள். பிள்ளைகள் எல்லாரும் அமெரிக்காவில். ஒவ்வொருவரும் “வாறன், பெட்டியை மூடிப்போடாதேங்கோ” என்று செய்தி அனுப்புகிறார்கள். மற்றவன் போவான்தானே என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். ஊரோ கிழவியை மீன்கடைக்காரனின் ஐஸ் அறையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. உயிரோடிருந்தபோது அவளுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுக்காதவர்கள் எல்லாம் வந்து, அவளைப் புகழ்ந்து, குடித்து, பாட்டும் பாடிவிட்டுப் போகிறார்கள். ஒரு கட்டத்தில் மீன்கடைக்காரனுக்குத் தன் மீனை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வருகிறது. நான் சொல்லும்போது இது கொடூரமாகத் தெரியும். வாசித்தபோது வயிறு நோகச் சிரித்தோம்.

குருநகரிலிருந்து சைக்கிளில் வருகிற அந்தோனிப்பிள்ளை அண்ணை, மீன் ஏலத்தில் கணக்கெழுதுகிறவர், எங்களுக்கெல்லாம் உரையாசிரியர். பாதிரியார் ஏன் எண்ணெய் பூசுகிறார், பிரேதத்துக்குப் பக்கத்தில் ஏன் விடிய விடிய இருக்கிறார்கள் என்று அவர்தான் விளங்கப்படுத்துவார். சாவு வீட்டில் சாராயம் வைப்பார்களா என்று சைவப் பழங்களாகிய நாங்கள் முகம் சுளித்தபோது, எங்கடை ஆக்கள் வேலிக்குப் பின்னாலே வைத்துக் குடிக்கிறதை அவர்கள் விறாந்தையில் வைத்துக் குடிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். சிரிப்பு வந்தால் அந்த மனுசன் வாங்கைப் பிடித்துக்கொள்வார். வாங்கு முழுக்க ஆடும்.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த அயர்லாந்துக்காரர்கள் எல்லாரும் எங்கள் பேச்சுத்தான் பேசினார்கள். சுற்றுநிருபத் தமிழில் எழுதி எழுதிச் சலித்த அக்கா, இதிலாவது மனிதர் மனிதராகக் கதைக்கட்டும் என்று விட்டுவிட்டார். பாதிரியார் “ஓம் பிள்ளையள்” என்பார். மீன்கடைக்காரனின் மனைவி “உவன் என்னத்தைக் கிழிச்சவன்” என்பாள். பெயர்கள் மட்டும் அயர்லாந்துப் பெயர்கள். அவை ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆகவே வாசித்த எல்லாரும் பெயரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரதிகள் கொட்டிலோடு நிற்கவில்லை. குசினிகளுக்குப் போயின, முடிவெட்டும் கடைக்குப் போயின. நாவல் என்றால் என்னவென்று கேட்கிறவர்கள்கூட அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டார்கள். அக்காவின் முகத்தில் அப்போதிருந்த வெளிச்சத்தை நான் பிறகு காணவேயில்லை. புத்தகமாகப் போட்டுவிடலாம் தம்பி, கடைசி அத்தியாயம்தான் மிச்சம் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிராசா அண்ணை கொட்டிலுக்கு வந்தார். சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அதற்கு முந்தின வருசம் அவருடைய தாய் தவறியபோது, கனடாத் தம்பி வருகிறேன் வருகிறேன் என்று சொல்ல, பிரேதத்தை, பழுதாகாமல் மருந்தேற்றி வைக்கிற மலர்ச்சாலையில் கன நாள் வைத்திருந்தார்கள். தம்பி வரவில்லை. வீடியோவில் பார்த்து அழுதான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் ஊரில் அது அதிசயமுமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திராத பிரேதம் இங்கே எத்தனை வீட்டிலிருந்து போயிருக்கிறது சொல்லுங்கள்?

மனுசன் கையில் கசங்கின பிரதி. சத்தம் போடவில்லை. வாங்கின் நுனியில் இருந்துகொண்டு, இதெல்லாம் ஆர் சொல்லி எழுதினது என்று கேட்டார். அக்கா ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இங்கிலீசில எங்கையிருந்தும் அடிக்கலாம் பிள்ளை. உன்ரை அண்ணன் கனடாவிலதானே இருக்கிறான். அவன் எழுதினவனோ?”

“இல்லை அண்ணை. இது அயர்லாந்துக்காரன் எழுதினது.”

“அயர்லாந்துக்காரனுக்கு என்ரை தம்பி ரெலிபோனில சொன்னது எப்பிடித் தெரியும்? ‘வாறன், பெட்டியை மூடிப்போடாதேங்கோ’ எண்டு அவன் என்னட்டைத்தான் சொன்னவன்.”

யாரும் சிரிக்கவில்லை. உலகத்தில் எந்த மொழிபெயர்ப்புக்கும் இதைவிடப் பெரிய பாராட்டுக் கிடைத்திருக்காது. கிடைக்கவும் கூடாது.

பிறகு வீட்டுக்கு வீடு நடந்தது அதுதான். பாதிரியார் எங்கள் கோயில் தர்மகர்த்தா என்றார்கள். நாவலில் வருகிற குடிகார வைத்தியர் ஆர் என்று சந்தியில் வழக்கு நடந்தது. மீன்கடைக்காரனின் மனைவி தன்னைப் பார்த்து எழுதியது என்று மூன்று பெண்கள் அழுதார்கள், அந்த மூன்று பேரும் தங்களுக்குள் கோபித்தும் கொண்டார்கள். வசந்தி அக்கா கடைக்குப் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த கதை நின்றுவிடும். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அவர் படலையைத் திறந்தால், ஆள் வருகுது என்று உள்ளே சொல்லுவார்கள். உவள் எழுதிப்போடுவாள் என்ற பயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊரெல்லாம் வாசித்துவிட்டு, வாசித்த குற்றத்துக்கு எழுதினவளைத் தண்டிக்கிற சனம்!

அக்கா ஆத்திரப்படவில்லை, பயந்தார். தாயின் மூச்சு அப்போது இழுக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணியும் சாப்பாடும் அயல்வீடுகளிலிருந்து வரவேண்டும். பந்தல் போடவும் பாடை கட்டவும் ஆம்பிளைகள் வேண்டும். அயல் வராவிட்டால் ஒரு தனிப் பொம்பிளை பிரேதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“அம்மாவைத் தூக்க ஆக்கள் வருவினமோ தம்பி?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் வருவினம் அக்கா என்றேன். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

வந்தார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். விடியக்காலை தாய் தவறியது. வெயில் ஏற முதல் பந்தல் போட்டாயிற்று. போத்தல் போத்தலாகத் தேத்தண்ணி வந்தது. முன்பு அழுது கோபித்துக்கொண்ட மூன்று பெண்களும் பிரேதத்தைச் சுற்றி இருந்து ஒன்றாகத் தேவாரம் பாடினார்கள். அந்தோனிப்பிள்ளை அண்ணை வாசலில் கதிரை போட்டுக்கொண்டு நின்றார். கனடாவிலிருந்து கூப்பிட்ட சகோதரங்களிடம், வைத்திருக்க மாட்டேன், இன்றைக்கே எடுக்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். கொள்ளி வைக்க வல்வெட்டித்துறையிலிருந்து அக்காவின் மச்சான் ஒருவன் வந்தான். தம்பிராசா அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்து பச்சைத் தென்னோலை வெட்டினதிலிருந்து பாடை கட்டினதுவரை எல்லாம் செய்தார். இந்தச் சனத்தைப் போய்த் திட்டினேனே என்று நினைத்தேன்.

பிரேதத்தைத் தூக்குகிற நேரம். அக்கா படலையடியில் நின்றார். பெண்கள் அதற்கு அங்காலே போவதில்லை. தம்பிராசா அண்ணை பாடையின் முன்கொம்பைத் தோளில் வாங்க முதல் அவரிடம் வந்தார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. கோபமாகக் கேட்டிருந்தால் அக்கா ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அந்த மனுசன் கண்ணெல்லாம் கலங்கி, கெஞ்சினார்.

“பிள்ளை, இதையும் எழுதிப்போடாதை.”

அக்கா அவரைப் பார்த்தார். ஊர் முழுக்க அந்தப் பதிலுக்காகக் காத்திருந்ததுபோல இருந்தது எனக்கு.

“எழுதமாட்டன் அண்ணை.”

அவர் தலையாட்டிவிட்டுப் போய்க் கொம்பைத் தோளில் வாங்கினார்.

கடைசி அத்தியாயம் தமிழில் வரவேயில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது வந்தார்களா, கிழவியை எடுத்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தோனிப்பிள்ளை அண்ணை சாகும்வரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். வட்டத்தில் இருந்தவர்கள் லண்டன், பாரிஸ் என்று போய்விட்டார்கள். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது ஏசி போட்ட மண்டபம், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள்.

வசந்தி அக்கா பென்சன் எடுத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறார். போன கிழமை சந்தையில் கண்டேன். அந்தக் கதையின் முடிவு என்ன அக்கா என்று துணிந்து கேட்டேன். மறந்துபோச்சு தம்பி என்றார். பாதிரியாரின் பிரசங்கத்தைத் தாள் பாராமல் சொல்லக்கூடியவர் அவர். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஊரோடு அவருக்கு ஒரு குறையுமில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சொல்லுகிறார்கள், அவரும் போகிறார். அவர் படலையைத் திறந்தால் கதை நிற்பதில்லை. அவரை வைத்துக்கொண்டே எல்லாம் கதைக்கிறார்கள். அவரைக் கண்டு இப்போது ஒருவருக்கும் பயமில்லை.