எட்டு என்று எழுதிய பக்கம்

குணலட்சுமிக்குப் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல்கலைக்கழகத்தில் எங்கள் பீடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், கணினி வலையமைப்புப் படிப்பிக்கிறேன் என்று ஒருவர் உடுவிலில் இருந்து நாள்தோறும் சைக்கிள் உழக்கி வந்தால் வேறென்ன நினைப்பது?

அவர் கணினிப் பிரிவில் செய்முறை உதவியாளர். நான் அதே பீடத்து அலுவலகத்தில் எழுதுவினைஞன். பாடத்துக்குரிய விரிவுரையாளர் தொண்ணூறில் கொழும்புக்குப் போனவர், சண்டையில் பாதை மூடியதால் அங்கேயே நின்றுவிட்டார். வினாத்தாளை அவர் அனுப்புவார், விடைத்தாளை அவரே திருத்துவார். படிப்பிப்பது மட்டும் குணலட்சுமி. இருந்த இரண்டு கணினிகளும் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைத்த நாளில்தான் கண் திறக்கும். மற்ற நாட்களில் பன்னிரண்டு மாணவர்களும்தான் கணினிகள். ஒருவன் இலக்கமிட்ட காகிதத் துண்டுகளை அனுப்புவான், நடுவில் இருப்பவர்கள் கைமாற்றுவார்கள். குணலட்சுமி வேண்டுமென்றே இரண்டைப் பிடுங்கிக் கசக்கி எறிந்துவிட்டு, "இப்ப என்ன செய்வியள்?" என்று கேட்பார். கிடைத்தது என்று மறுபக்கம் சொல்லும்வரை அனுப்பியவன் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தே எனக்கும் அது பாடமாகிவிட்டது.

தொண்ணூற்று மூன்று பங்குனியில் இறுதிப் பரீட்சை நடந்தது. நாலு வருடப் படிப்பு ஆறு வருடமாக இழுபட்ட பிள்ளைகள். வைகாசி முடிவதற்குள் விடைத்தாள்கள் கொழும்புக்குப் போகாவிட்டால் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருடத்தில் ஊரில் யார் மிஞ்சுவார் என்று எவருக்கும் தெரியாது. அதனால், வழியில் தொலைந்தாலும் திரும்ப அனுப்பலாம் என்று, குணலட்சுமி பன்னிரண்டு தாள்களையும் கையாலேயே பிரதி எடுத்தார். நான் வாசித்தேன், அவர் எழுதினார். வெட்டிய சொல்லை வெட்டியபடியே, பிழையைப் பிழையாகவே எழுதினார். பத்து நாள் பிடித்தது.

பஞ்சலிங்கத்தின் தாள் வந்தபோது பேனை ஒருமுறை நின்றது. பஞ்சலிங்கம் அவருடைய சொந்தத் தம்பி. எட்டு இலக்கங்களையே திரும்பத் திரும்பப் பாவித்தால், பதில் வருமுன் எத்தனை பொதிகளை, அதாவது அந்தக் காகிதத் துண்டுகள் போன்றவற்றை, அனுப்பலாம் என்பது கேள்வி. ஏழு என்பது விடை. எட்டையும் அனுப்பி, வந்த பதில்கள் வழியில் தொலைந்தால், அடுத்து வருவது பழைய பொதியா புதியதா என்று பெறுபவருக்குத் தெரியாமல் போய்விடும். அவனோ எட்டு என்று எழுதி, அதன்மேல் இரண்டு பக்கம் கணக்குக் கட்டியிருந்தான். குணலட்சுமி பெருமூச்சு விட்டார். பிறகு எட்டு என்றே எழுதினார்.

மூலத்தாள்களை மூன்று கட்டாகப் பிரித்து, வேறு வேறு நாளில் கொழும்புக்குப் புறப்பட இருந்த மூன்று பேரிடம் கொடுத்தார். ஒன்று, கண் வைத்தியத்துக்குப் போகவிருந்த என்னிடம். மற்றவை மானிப்பாய் சின்னத்தங்கம் ரீச்சரிடமும் வியாபாரி ஏரம்புவிடமும். ஆனால் வெளியே போக மிஞ்சியிருந்த ஒரே வழியான கிளாலிக் கடலேரியில் நாலு நாள் படகு ஓடவில்லை. மூன்று பேரும் ஒரே கரையில் சந்தித்துக்கொண்டோம். எங்கள் சனத்துக்கு உதவி செய்யாவிட்டால் கை சும்மா இருக்காதே!

"நீங்கள் கம்பஸ் ஆள். எல்லாம் உங்கடை கையிலையே இருக்கட்டும்," என்றார் ரீச்சர்.

"ஓம், ஒரே இடத்துக்குத்தானே போகுது," என்று ஏரம்புவும் தன் கட்டைத் தந்தார்.

நானும் பெரிய மனிதனாட்டம் மூன்றையும் ஒரே பையில் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். பாதி வழியில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. பாரம் குறைக்க ஓட்டி பைகளைத் தூக்கிக் கடலில் எறிந்தான். என் பையும் போனது. நாங்கள் உயிரோடு கரை திரும்பினோம்.

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் குணலட்சுமியிடம் போனேன்.

"ஆக்கள் தப்பினதே பெரிய காரியம், அண்ணை. ஏன் பிரிச்சனான் எண்டு உங்கள் மூண்டு பேருக்கும் சொல்லாமல் விட்டது என்ரை பிழை," என்றார். அலுமாரியைத் திறந்து பிரதிகளை எடுத்தார்.

குற்ற உணர்வில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை, மூலம் கடலுக்கை. தம்பியின்ரை அந்த ரெண்டு பக்கத்தையும் ஏழு எண்டு திருப்பி எழுதினால் ஆருக்குத் தெரியப்போகுது? உனக்கும் எனக்கும்தானே?"

அவர் கோபிக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. "எனக்கு ஆசை இல்லையெண்டு நினைக்கிறியளோ? கொண்டுபோறவன் உள்ளுக்கை இருக்கிறதிலை கை வைக்கப்படாது, அண்ணை. அதைத்தானே உவங்களுக்கு ரெண்டு வருசமாய்ப் படிப்பிச்சனான்."

அந்தப் பிரதியைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதி முடித்த பிறகுதான் என்னை மறுபடி அனுப்பினார். இந்தமுறை தாள்கள் போய்ச் சேர்ந்தன.

ஆவணியில் விரிவுரையாளரின் கடிதம் வந்தது. குணலட்சுமி அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'ஒரே கையெழுத்தில் வந்த பன்னிரண்டு தாள்களை ஏற்கப் பரீட்சைச் சபை தயங்கியது. உங்கள் தந்தையின் பெயரும் ஒரு மாணவனின் தந்தையின் பெயரும் தம்பிராசா என்று இருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டினார். எட்டு என்று பிழையாகவே இருந்த அந்த மாணவனின் நாலாவது விடையை எடுத்து, கை வைப்பவர் இதையல்லவா திருத்தியிருப்பார் என்று மேசையில் வைத்தேன். பிறகு எவரும் மறுத்துப் பேசவில்லை. பதினொரு பேர் சித்தியடைந்துவிட்டனர். உங்கள் தம்பி மறுபடி எழுத வேண்டும்.'

அன்று அவருக்குத் துணையாக நானும் உடுவிலுக்குப் போனேன். தம்பி முகத்தைத் தனியாகப் பார்க்க அவருக்குத் தைரியம் இருக்கவில்லை. வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த பஞ்சலிங்கம், கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"அப்ப, பதினொரு பேரையும் கரை சேர்த்தது என்ரை பிழைதான்!" என்று சிரிக்கப் பார்த்தான். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் குணலட்சுமி விம்மி அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்?

அவன் கடிதத்தை மடித்துத் தமக்கையின் கையில் கொடுத்தான்.

"அழாதை அக்கா. ஏன் ஏழு எண்டு எனக்கு இன்னொருக்கால் விளங்கப்படுத்து."