தொடையில் வேண்டாம் என்றேன்

அந்த டியூட்டி டாக்டரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பெரிய காரணம் எதுவும் இல்லை. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், மானிட்டரைத்தான் பார்ப்பார். சேலத்தில் பதினோரு வருஷமாக ஐசியூ நர்ஸாக இருக்கிறவள் நான். நேற்று வேலைக்கு வந்தவர் என்னை “சிஸ்டர், அதை எடுங்க, இதை எடுங்க” என்று விரட்டினால் எரிச்சல் வராதா? என் அக்காவை எங்கள் ஐசியூவுக்குக் கொண்டுவந்த அன்று காலை டியூட்டியில் அவர்தான் இருந்தார்.

அக்கா மலைமேல், மாரமங்கலத்துக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். ஆறு நாளாகக் காய்ச்சல். மாமா, அதாவது அவள் புருஷன், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு வேனைப் பிடித்துக் குப்பனூர் மலை ரோட்டில் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க மாமா, ஆறு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“சளிக் காச்சல்னு நெனச்சுட்டோம் கண்ணு. பறிப்பு நேரம் வேற. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு லீவு தர மாட்டேனுட்டாரு. நாளைக்குச் செரியாயிரும், நாளைக்குச் செரியாயிரும்னு அவளே சொல்லிட்டு இருந்தா.”

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்தே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மனுஷன். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அக்காவின் பிபி எழுபதுக்குக் கீழே இருந்தது. ரத்தத்தில் பிளேட்லெட் தரைமட்டம். டெங்குவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டியூட்டி டாக்டர் மட்டும் வெளியே வந்து மாமாவிடம், “உடம்புல எங்கயாவது சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா புண்ணு இருக்கா?” என்று கேட்டார். மலையிலிருந்து வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி அது. புதரில் இருக்கும் உண்ணி கடித்து வருகிற காய்ச்சலில் அப்படி ஒரு பொருக்கு இருக்கும். மாமா யோசிக்கக்கூட இல்லை. “அப்படியெல்லாம் ஒன்னுமில்லீங்க சார்” என்று சொல்லிவிட்டார்.

நாங்களும் தேடினோம். முதுகு, அக்குள், மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால். ஒன்றுமில்லை. மூத்திரக் குழாயை நான்தான் போட்டேன், வேறு யாரையும் விடவில்லை. போர்வைக்குள் கையை விட்டு, பாதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போட்டேன். வேறு நோயாளி என்றால் போர்வையை விலக்கி நன்றாகப் பார்த்துத்தான் போட்டிருப்பேன். அக்காவை அப்படிப் பார்க்க மனம் வரவில்லை.

பிபியை ஏற்றுகிற மருந்தைக் கையில் இருக்கும் சின்னக் குழாயில் நீண்ட நேரம் ஏற்ற முடியாது. வெளியே கசிந்தால் சதை செத்துவிடும். இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு குழாய் இறக்க வேண்டும், சென்ட்ரல் லைன் என்போம். அதை மூன்று இடத்தில் போடலாம். காறை எலும்புக்குக் கீழே போட்டால் கிருமி தொற்றுவது குறைவு. ஆனால் பிளேட்லெட் இல்லாதவளுக்கு அங்கே ரத்தம் கசிந்தால் எலும்புக்கு அடியில் அழுத்திப் பிடிக்க முடியாது. கழுத்து நல்ல இடம், ஸ்கேன் வைத்துப் பார்த்தே போடலாம். ஆனால் ஆளை மட்டமாகப் படுக்கவைக்க வேண்டும். தொடை இடுக்கில் சுலபமாகப் போடலாம், ரத்தம் வந்தால் அழுத்தலாம், சாய்ந்து உட்கார்ந்த மாதிரியே இருக்கலாம். கிருமி தொற்ற வாய்ப்பு அதிகம் என்பதால் முடிந்தவரை தவிர்ப்போம், அவ்வளவுதான்.

“தொடையில போட்டுடலாம். இவங்களால படுக்க முடியாது” என்றார் டாக்டர், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே.

“தொடையில வேண்டாம் சார்” என்றேன்.

“ஏன்?”

“இன்ஃபெக்ஷன் ஆகும். நம்ம யூனிட் முறையே கழுத்துதான். நீங்களே போன வாரம் கிளாஸ் எடுத்தீங்க.”

“முறையெல்லாம் தெரியும் சிஸ்டர். மூச்சைப் பாருங்க. படுக்கவெச்சா தாங்க மாட்டாங்க. ஒரு நாளைக்குத் தொடையில இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்.”

அவர் சொன்னது சரி. அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் தொடையில் போடுவதென்றால் அக்காவின் புடவையை, பாவாடையை எல்லாம் எடுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, இடுக்கைச் சிரைத்து, மருந்து தடவித் துடைக்க வேண்டும். சுற்றி நிற்கிறவர்கள் யார்? இந்த டாக்டர், டெக்னீஷியன், நான் தினமும் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆட்கள். நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் என் புத்தி போனது. வெட்கம் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கிருமி, கிருமி என்று கத்தினேன். பெரிய டாக்டருக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினேன். பேஷண்டின் தங்கை நான், சம்மதம் தரமாட்டேன் என்றேன்.

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, “சரி, கழுத்து” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது.

படுக்கவைத்ததும் அக்காவின் ஆக்சிஜன் கடகடவென்று இறங்கியது. வாய் வழியாகக் குழாய் விட்டு வென்டிலேட்டரில் போட வேண்டியதாயிற்று. கழுத்து லைன் ஒரே குத்தில் அழகாக இறங்கியது. அதன் பிறகு அக்கா பேசவில்லை. கடைசியாக அவள் என்னிடம் பேசியது, “ஊட்டுக்கு எப்பக் கண்ணு போலாம்?” என்பதுதான். நாளைக்கு என்றேன், மாமா மாதிரியே.

மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றுபோனது. டயாலிசிஸ் செய்ய இன்னொரு தடித்த குழாய் வேண்டும். கழுத்தின் வலப்பக்கம் ஏற்கெனவே லைன் இருந்தது. இடப்பக்கம் வளைந்து போகும், பிளேட்லெட் இன்னும் குறைந்திருந்தது. தொடைதான் என்று அதே டாக்டர் முடிவெடுத்தார். என்னைக் கேட்கவில்லை. திரைக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“சிஸ்டர், இங்க வாங்க.”

போனேன். வலது இடுக்கில், மடிப்புக்குள்ளே, சின்ன பட்டன் அளவுக்குக் கருப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. ஓரத்தில் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மழைக்காலத்தில் காப்பிச் செடிக்குள் போகிற பெண்கள் எல்லோரையும் அட்டை கடிக்கும். கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். இதையும் அட்டை என்று நினைத்திருக்கிறாள்.

அன்று மதியமே உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தை ஆரம்பித்தார்கள். மிகச் சாதாரண மருந்து அது. சந்தேகத்துக்கே முதல் நாள் ஆரம்பித்திருக்கலாம் அல்லவா? அந்தக் கோபம் அந்த டாக்டர் மேல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் முதல் நாள் அவர் கை தொடைக்குத்தான் போனது. அதைத் தடுத்தவள் நான். நான்காம் நாள் மாலை அக்கா செத்துப்போனாள்.

கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். லைன் போட்ட இடம்: கழுத்து, வலது. பக்கத்தில் சின்ன எழுத்தில், உறவினர் வற்புறுத்தியதால் என்று எழுதியிருந்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியிருக்கிறான் என்று அங்கேயே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிவாரத்தில் பஸ் ஏறி மேலே போனேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தப் புள்ள அங்க இருந்ததாலதானுங்க நாலு நாளாச்சும் உசுரு இருந்துச்சு. நொம்ப நல்லாப் பாத்துக்கிச்சு” என்று எல்லோரிடமும் சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

“மாமா, அக்காவுக்குத் தொடையில கருப்பா ஒரு புண்ணு இருந்துச்சு. மொதல் நாளே அதப் பாத்திருந்தா பொழச்சிருப்பா. அன்னைக்கு டாக்டரு…”

அவர் முகம் மாறியது. என்னை முடிக்க விடவில்லை.

“அதுவா கண்ணு? அட்டை கடிச்சிருச்சு, சுண்ணாம்பு எடுத்துக் குடுங்கன்னு கேட்டா. எங்க கடிச்சுதுன்னேன். சொல்லாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான்தான் டப்பாவ எடுத்துக் குடுத்தேன். டாக்டரு கேட்டப்ப எனக்கு அது நெனப்புக்கே வரல. அட்டைக்கடிய யாரு புண்ணுன்னு சொல்லுவா?”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இப்படி ஒரு ஆறுதல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

“அப்ப நீங்கதான் சொல்லியிருக்கோணும்! டாக்டரு கேட்டாருல்ல? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கக்கா இன்னைக்கு உசுரோட இருப்பா!” என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா கண்ணு, என் தப்புதான்” என்றார். நான் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன்.

அக்கா அவரால்தான் போனாள் என்று அந்த எஸ்டேட்டில் இன்றும் பேசுகிறார்கள். அவரும் அப்படித்தான் நம்புகிறார். தொடையில் வேண்டாம் என்று சொன்னது யார் என்று அவருக்கு இதுவரை தெரியாது.