ஐடெல்லா ஓடனின் கட்டைவிரல்

ஐடெல்லா ஓடன் கடலில் ஒரு ஈயக்குண்டைக்கூட எறிவதற்கு முன்பே பதினோரு வருஷம் சிக்கு எடுத்திருந்தாள். எல்லாம் புருஷன் ரூஃபஸ் போட்ட சிக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் அவன் தூண்டில் கம்பின் ரீல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் தங்கூஸ் நரம்பு குருவிக்கூடாகக் குவிந்து கிடக்கும். அவள் குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருவாள். ரூஃபஸ் எதிரே காபியோடு உட்கார்ந்து காற்றின்மேல் பழி போடுவான்.

ரூஃபஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆறடி மூன்றங்குலம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹாட்டரஸ் தீவிலிருந்து கார்களை ஏற்றிப் போகும் படகில் வேலை. நங்கூரச் சங்கிலியை ஒற்றைக் கையால் தூக்குவான், பக்கத்து வீட்டு நாய் செத்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டான். ஊரில் அவனைப் பிடிக்காதவர் கிடையாது. அவனுக்கு எறியத்தான் வராது.

எறிவது என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. நரம்பு நுனியில் கட்டிய ஈயம் பறக்கும்போது அது இழுக்கிற வேகத்தில் ரீல் சுழலும். போகப்போக ஈயத்தின் வேகம் குறையும். ரீல் மட்டும் பழைய வேகத்திலேயே சுழன்றால், போக இடமில்லாத நரம்பு தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நின்று சமாதானம் பண்ணுவது எறிகிறவனின் கட்டைவிரல் ஒன்றுதான். ரூஃபஸின் கட்டைவிரல் பெரியது, ஆனால் அவசரக்குடுக்கை.

ஐடெல்லாவோ சிக்கைப் பார்த்தே எறிந்தவன் என்ன செய்தான் என்று சொல்லிவிடுவாள். ஆழத்தில் இறுகியிருந்தால் தொடக்கத்திலேயே வெடுக்கென்று வீசியிருக்கிறான். மேலாகப் பஞ்சுபோல் கிளம்பியிருந்தால் ஈயம் தண்ணீரில் விழும் நேரம் விரலை வைக்க மறந்திருக்கிறான். ஒரே ஓரமாகக் கிடந்தால் சுருட்டும்போது நரம்பைப் பரப்பாமல் மேடு கட்டியிருக்கிறான்.

ஒருநாள் சொல்லியும் பார்த்தாள்.

"ரூஃபஸ், நீ விரலை ரொம்ப சீக்கிரம் எடுத்துடுற."

"நீ எப்ப டெல்லா அங்க வந்து பாத்தே?"

"பாக்கணுமா? இதோ எழுதி ஒட்டின மாதிரி இருக்கே."

"ஒரு தடவையாவது எறிஞ்சிருக்கியா நீ? சும்மா ஊசியைக் குத்து."

அவள் குத்தினாள்.

தீவின் முனையில் நவம்பரில் டிரம் மீன் வரும். நம்மூர் கூரல் மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், நாற்பது ஐம்பது பவுண்டு இருக்கும். அது கரைக்கு வரும் பத்துப் பதினைந்து நாளும் ஆண்பிள்ளைகள் முனையில் தோளோடு தோள் உரச வரிசை கட்டி நிற்பார்கள். மடவை மீன் தலையைத் தூண்டிலில் குத்தி ஒருவர் மாற்றி ஒருவர் எறிவார்கள். ஒருவன் ரீல் சிக்கினால் அவன் ஈயம் பாதியில் விழும், பக்கத்து நரம்புகளின்மேல் குறுக்கே படுக்கும், இல்லாவிட்டால் அறுந்துபோய் யார் மண்டையையோ தேடும். அதனால் அங்கே ஒரு வழக்கம். ஒரே நாளில் இரண்டு சிக்கு விழுந்தால், கம்பை நிறுத்த அவன் மணலில் ஊன்றியிருக்கும் குழாயைப் பிடுங்கி, தெற்கே நூறடி தள்ளி, வெளியூர்க்காரர்கள் நிற்கும் இடத்தில் நட்டுவிடுவார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பிடுங்குகிறவர் வரிசையில் மூத்தவர். அந்த வருஷங்களில் அது ரூஃபஸின் சொந்த அண்ணன் டால்டன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் தொடர்ந்து மூன்று நாள் ரூஃபஸின் குழாய் பிடுங்கப்பட்டது. நான்காம் நாள் அவன் போகவில்லை. கம்பைக் கொட்டகையில் மாட்டினான். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவன் பேச்சும் நின்றது. சிக்கெடுக்கும் வேலை ஒழிந்தது என்று வேறொருத்தி சந்தோஷப்பட்டிருப்பாள். ஐடெல்லாவுக்கு வீடு வீடாகவே இல்லை. குளிர்காலம் முழுக்க, உப்பைக் கொடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். எப்படியாவது இவனைத் திரும்ப அந்த வரிசையில் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மார்ச்சில், மத்தியானம் பள்ளிக்கூட வேலை முடிந்ததும், கொட்டகைக் கம்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னாலிருக்கும் ஆளில்லாக் கரைக்குப் போனாள். ரூஃபஸ் படகிலிருந்து வர ஐந்தாகும். முதல் எறியில் விழுந்த சிக்கு ரூஃபஸுக்குக்கூட விழுந்ததில்லை. மணலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். பிறகு சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் மட்டும் நரம்பைக் கேட்கப் பழகினாள். கோடைக்குள் அவள் ஈயம் மூன்றாவது அலைமேட்டைத் தாண்டி விழுந்தது.

அக்டோபரில் ரூஃபஸின் ரீலைக் கழற்றினாள். தூரம் போகும் என்று அவன் விட்டிருந்த தையல் மெஷின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ரீல் நிதானமாகச் சுழல லாரி எஞ்சினுக்குப் போடும் கெட்டி எண்ணெயை இரண்டு சொட்டு விட்டாள். விளிம்புவரை திணித்திருந்த நரம்பில் ஐம்பது கஜத்தை உருவினாள். மீதியை மேடு பள்ளமில்லாமல் சுருட்டினாள். அவனிடம் மூச்சுவிடவில்லை.

நவம்பரில் மீன் வந்ததும், "ஒரே ஒரு நாள் போய்ட்டு வா" என்றாள். "சிக்கு விழுந்தா நானே இதைக் கடல்ல தூக்கிப் போடுறேன்."

போனான். ஒரு சிக்கு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு பவுண்டு டிரம்மோடு வந்தான். உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு வேகவைத்து, பன்றிக்கொழுப்பை மொறுமொறுவென்று வறுத்து மேலே கொட்டி, அண்ணன் தம்பி எல்லோரையும் கூப்பிட்டு விருந்து வைத்தான். வாய் ஓயாமல் பேசினான். "விஷயம் தோள்லதான் இருக்கு" என்று அண்ணனுக்கே பாடம் நடத்தினான். ஐடெல்லா கரண்டியோடு நின்று வயிறு நிறையக் கேட்டாள்.

ஒரு வாரம். பிறகு வடகிழக்குக் காற்று நேர் முகத்தில் அடிக்கத் தொடங்கியது. அந்தக் காற்றில் எண்ணெயும் நிற்காது, ஒன்றும் நிற்காது. விரல்தான் வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவள் ரொட்டியும் காபியும் எடுத்துக்கொண்டு முனைக்குப் போனபோது ரூஃபஸின் ஈயம் முப்பது கஜத்தில் தொப்பென்று விழுந்து, இரண்டு பேர் நரம்பைக் கட்டிக்கொண்டது.

"கூடு கட்டியாச்சா ரூஃபஸ்? முட்டை எப்ப?" என்று யாரோ கத்தினார்கள்.

ரூஃபஸ் காது வரை சிவந்தான். சிக்கை அறுத்துப்போட்டு மறுபடி கட்டினான். முன்னைவிட பலமாக வீசினான். படார் என்றது. நரம்பு அறுந்து ஈயம் தலைகளுக்கு மேலே போயிற்று. டால்டன் தன் கம்பை வைத்துவிட்டு மெதுவாக நடந்து வந்து தம்பியின் குழாயைப் பிடுங்கினார்.

அங்கேதான் ஐடெல்லா தப்புப் பண்ணினாள். பொறுக்கமுடியாமல், "டால்டன், அவன்மேல தப்பில்ல! ரீலை நான்தான் மாத்தினேன். எண்ணெயை மாத்தி, நரம்பை உருவி, எல்லாம் நான்தான்!" என்று கத்திவிட்டாள்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவன் சிரித்தேவிட்டான். ரூஃபஸ் டால்டன் கையிலிருந்த குழாயைத் தானே வாங்கிக்கொண்டு தெற்கே நடந்தான்.

அவன் விட்டுப்போன கம்பைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.

"அப்ப அந்த ஒரு வாரம் என்னுது இல்ல" என்றான் அவன், கடலைப் பார்த்தபடி.

"எறிஞ்சது நீதான். எண்ணெய் எறியாது."

"எதுக்கு டெல்லா? ஊர் முன்னாடி என்னைப் பொம்மையாக்கவா?"

"நீ பேசாம உக்காந்து சாப்பிடுற வீட்ல என்னால இருக்க முடியல" என்றாள்.

ரூஃபஸ் கையிலிருந்த குழாயை மணலில் ஊன்றினான். பிறகு, "இந்தக் காத்துல நீ எறிவியா?" என்றான்.

அவள் பையிலிருந்து டியூப் துண்டை எடுத்து மாட்டினாள். புது ஈயம் கட்டினாள். கண்ணை மூடினாள். கம்பு வளைந்து நிமிர்ந்தது. ஈயம் காற்றைத் துளைத்துக்கொண்டு போய், வரிசைக்காரர்கள் எறிந்த தூரத்துக்கே விழுந்தது. ரீல் சத்தமில்லாமல் நின்றது.

"எத்தனை நாளா?"

"மார்ச்லேர்ந்து."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சரி சொல்லு. விரலை எப்ப எடுக்கணும்?"

"எடுக்கவே கூடாது. லேசாக்கணும், அவ்வளவுதான். தூங்குற குழந்தை நெத்தியில வெச்ச மாதிரி. ஈயம் தண்ணியில விழுந்ததும் அழுத்திடு. அப்புறம், பாதி பலம் போதும் ரூஃபஸ். கடலுக்கு உன்மேல ஒரு கோவமும் இல்ல."

இருட்டும்வரை எறிந்தான். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி ஆறு எறியும் சுத்தம். தூரம் ஐடெல்லாவின் தூரத்தில் முக்கால்தான், ஆனால் அத்தனையும் அவன் விரல்.

மறுநாள் காலை காற்று இன்னும் மோசம். ரூஃபஸ் வரிசையில் தன் இடத்துக்குப் போய்க் குழாயை ஊன்றினான். வண்டிக்குத் திரும்பிப் போய் இன்னொரு குழாயும் கம்பும் கொண்டுவந்தான், பின்னாலேயே ஐடெல்லாவும் வந்தாள். அதைத் தன் குழாய்க்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தான். அந்த வரிசையில் அதுவரை பெண்பிள்ளை யாரும் நின்றதில்லை.

"அது யாருக்கு?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"என் பொண்டாட்டிக்கு. எனக்கு எறியக் கத்துக்குடுத்தது அவதான்" என்றான் ரூஃபஸ். காற்றிலும் வரிசையின் கடைசிவரை கேட்கும்படி சொன்னான்.

டால்டன் கம்பை வைத்துவிட்டு நடந்து வந்தார். குனிந்து ஐடெல்லாவின் குழாயை இரண்டு கையாலும் பிடித்தார். ரூஃபஸ் ஒரு அடி முன்னால் வைத்தான்.

டால்டன் குழாயை அரை அடி ஆழத்துக்கு அழுத்தி இறக்கினார்.

"காத்து பலமா இருக்கும்மா" என்றார். "இவ்வளவு மேலாப்ல ஊணினா சாஞ்சுடும்."

பக்கத்தில் நின்றவன் ஒரு அடி நகர்ந்து இடம் விட்டான். ஐடெல்லாவுக்குக் கண் நிறைந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. எறிவதற்கு அவளுக்குக் கண் தேவையும் இல்லை. தன் முறை வந்ததும் எறிந்தாள்.