சந்திரவதனா அக்காவின் சிரட்டைக்கரி

சந்திரவதனா அக்கா வீட்டுக்குள் முட்டை சேர்த்த கேக்குக்கூட வராது. ஆஸ்திரேலியாவில், வெரிபீ ஊருக்கு வெளியே, ஊர்க்குழாய் எட்டாத வாடகை வீட்டில், எழுபதுகளில் அவர் கட்டிக்காத்த சைவத்தை நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சோறு போடுவார்.

வில்லங்கம் கிணற்றில் இருந்தது. மூத்தவள் கமலினிக்குப் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்களில் தவிட்டுநிறத் திட்டுகள். பல் டாக்டர் சொல்லித் தண்ணீரைச் சோதித்தார்கள். புளோரைடு அளவுக்கு மிஞ்சி இருந்தது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில்தான் அது கெடுக்கும், கெட்டதை மாற்ற முடியாது, கைக்குழந்தை ராதாவையாவது காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர்.

அக்காவின் கணவர் மகேந்திரராஜா என்ஜினியர். ஒரு பீப்பாயில் கரித்துகள் நிரப்பி வடிகட்டி செய்தார். என்ன கரி என்று மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. கரி விற்ற வெள்ளைக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, மாட்டெலும்பைச் சுட்டது என்று அக்காவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்! கரி எல்லாம் ஒன்றுதான் என்று தானே முடிவு கட்டி, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு நிரப்பினார். எலும்புக்கரி பிடித்துவைக்கும் புளோரைடைச் சிரட்டைக்கரி தொடாது என்பது அவருக்குத் தெரியாது. கரி மாற்றும் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டார். கணவர் வாங்கி வந்த எலும்புக்கரி மூட்டையெல்லாம் தோட்டத்தில் புதைந்தது.

ராதாவின் பால்பற்கள் வெள்ளையாகவே முளைத்தன. அக்கா பூரித்துப்போனார். பால்பல் பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும், அதை வைத்துத் தண்ணீரை எடைபோட முடியாது என்பதும் அவருக்குத் தெரியாது. பிள்ளை பீப்பாயடிக்கு ஓடும்போதெல்லாம், "குடி அம்மா, நல்லாக் குடி" என்று அவரே கோப்பையை நிரப்பிக் கொடுப்பார்.

1979இல் ஒரு ஞாயிறு மதியம் நான் சாப்பிடப் போயிருந்தேன். ராதா ஓடி வந்து வாயைத் திறந்தாள்.

"அப்பா, லுக்! புதுப் பல்லு!"

அதிலும் தவிட்டுநிறத் திட்டு.

மகேந்திரராஜா எழுந்தார். "கரிக்காரன் ஏமாத்திப்போட்டான். இப்பவே போய்க் கேக்கிறன்."

"அவன் ஏமாத்தேல்லை" என்றார் அக்கா. "உள்ளுக்க இருக்கிறது சிரட்டைக்கரி. நான்தான் மாத்தினனான்."

மகேந்திரராஜா கத்துவார் என்று பயந்தேன். அவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"எப்ப தொடக்கம்?"

"இவளுக்கு ஒரு பல்லும் முளைக்க முதலே."

ராதா இன்னும் வாயை மூடவில்லை. யாராவது வடிவான பல் என்று சொல்வார்கள் என்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.